முந்தானையில் முடிந்த மிளகாயும் ஒரு குலைச் செவ்விளநீரும்

போன சித்திரையில் எங்கள் வீட்டுக்காரர் கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடந்தார். கால் இரண்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஊட்டிய கஞ்சி அப்படியே வெளியே வந்தது. நாடியைப் பிடித்தால் ஒன்று அடிக்கும். அடுத்தது வருமா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அப்போது எனக்கு வந்தது பயம் மட்டும் இல்லை. இது தானாக வந்த சீக்கு இல்லை, யாரோ செய்திருக்கிறார்கள் என்பதுதான் முதலில் வந்த நினைப்பு. யார் என்றுகூட எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

மாசாணியம்மனை நம்பும் அக்கா தங்கைகளே, எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. வெள்ளிக்கிழமைப் பூஜையில் நீங்கள் எல்லாம் அம்மன் செய்த நன்மையைச் சொல்லும்போது நான் கடைசியில் சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். என்னையும் சொல்லச் சொல்லிப் பல தடவை கேட்டுவிட்டீர்கள். வாயால் வராததைக் கையால் எழுதித் தருகிறேன். சின்னப் பள்ளிக்கூடத்தோடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஆனைமலைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு. அவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் ரொம்ப வருஷமாக உண்டு. போன வருஷம் சோதித்தபோது கிட்னியும் கொஞ்சம் சோர்ந்திருக்கிறது என்றார்கள். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். அதற்குமேல் நாங்கள் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

சித்திரை வெயிலில் அவருக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தது. சீக்காளியைப் பார்க்க வெறுங்கையோடு யாரும் வருவதில்லை. வேறு ஊரில் பழம் வாங்கி வருவார்கள். எங்கள் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் இளநீரோடுதான் வருவார்கள். வந்தவர்கள் கொண்டுவந்தது போக எங்கள் மரத்திலும் ஆள் விட்டு இறக்கினேன். தண்ணீர் கேட்டாலும் இளநீர். மாத்திரை முழுங்கவும் இளநீர். நானே சீவி, நானே டம்ளரில் ஊற்றி, வாயில் பிடித்தேன். உடம்புக்குக் குளிர்ச்சி. சாமிக்கே ஊற்றுகிற தண்ணீர். அதில் என்ன கெடுதி இருக்க முடியும்?

அந்தச் சமயத்தில்தான் சரசு வந்தாள். என் கொழுந்தனார் சம்சாரம். பக்கத்துத் தோட்டம். கிணற்றுத் தண்ணீர் முறை விஷயமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று ரொம்ப நாளாயிற்று. எங்கள் பையன் கல்யாணத்துக்குக்கூட அவள் பந்தல் ஓரம் நின்றுவிட்டுச் சாப்பிடாமல் போனவள். அவள் ஒரு குலைச் செவ்விளநீரைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"மாமாவுக்கு எப்படி இருக்குதுங்க்கா? செவ்வெளநி, சூட்டுக்கு நல்லதுங்க. நம்ம கெணத்து மேட்டு மரத்துது."

"வெச்சுட்டுப் போ."

"ஒண்ணு இப்பவே சீவிக் குடுக்கட்டுங்களா?"

"அவரு தூங்கறாரு."

உள்ளே இருந்து அவர் குரல் கொடுத்தார். "யாரு அம்மணி? சரசு கொரலாட்ட இருக்குது?"

"தூக்கத்துல பேசறாரு" என்றேன்.

சரசு என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் சிரித்தாள். "சரிங்க்கா, தூங்கட்டும். நான் வாரேன்" என்று போய்விட்டாள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் இல்லாத பாசம் இப்போது எப்படி வந்தது? குலையைக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகையில் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் தள்ளினேன். மாட்டுக்குக்கூட ஊற்றவில்லை. மாட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அவள் வந்துபோன பின்னால்தான் அவருக்குக் கால் ஓய்ந்தது. எனக்குக் கணக்குச் சரியாகிவிட்டது. திருப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் பையன் செந்தில் அப்பாவைப் பார்க்க வந்திருந்தான். வந்ததும், "சித்தி எளநி கொண்டாந்தாங்களாமா, அது எங்கம்மா இருக்குது?" என்று கேட்டிருந்தான். நான் கேளாதது போல் பால் கேனைத் தூக்கிக்கொண்டேன். பால் ஊற்ற சொசைட்டிக்குப் போய்விட்டேன். அந்த நேரத்தில் இவன் தேடி எடுத்துச் சீவிக் கொடுத்திருப்பானோ? சரசு உள்ளே ஏதாவது ஊசி போட்டு ஏற்றியிருப்பாளோ? மனது எங்கெங்கோ போயிற்று.

செந்தில் காரை எடுத்தான். நான் அடுப்படிக்குப் போய் வரமிளகாயை ஒரு கை அள்ளி முந்தானையில் முடிந்தேன். நம் அம்மன் சன்னிதியில் மிளகாய் அரைத்துப் பூசினால் அநியாயம் செய்தவர்களை அவள் சும்மா விடமாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியாததா? கார் ஆனைமலைக்குள் நுழையும்போது கோயில் திசை பார்த்துக் கும்பிட்டேன். "ஆத்தா, இவரை எனக்குத் திருப்பிக் குடு. இதைச் செஞ்சது யாருன்னு காட்டு. காட்டினா இந்த மொளகாயை அவங்க பேருக்கு அரைக்கறேன்." இதுதான் என் பிரார்த்தனை. பாதி வேண்டுதல், பாதி சாபம்.

ஆனைமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயரை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். காகிதத்தைப் பார்த்த டாக்டர், "மாரடைப்பு மாதிரி தெரியுதுங்க. உடனே பொள்ளாச்சி கொண்டு போங்க" என்றார். ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள்.

பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் ஒரு பெண். என் பேத்தி வயதுதான் இருக்கும். அந்தக் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நெற்றியைச் சுருக்கினாள். "மறுபடி ஈசிஜி எடுங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு தடவை எடுத்தது போதாதா? அங்கே ஒரு மிஷின், இங்கே ஒரு மிஷின். ஒன்று பொய் சொல்கிறதா? அவர் நெஞ்சில் நான் பூசிவிட்ட விளக்கெண்ணெயும் திருநீறும் இருந்தது. அதனால் ஒட்டுகிற வில்லைகள் நிற்கவில்லை. நர்ஸ் பஞ்சால் துடைத்தாள். அம்மன் திருநீற்றைத் துடைக்கிறாளே, இது என்ன சகுனம் என்று அதற்கும் மனது கிடந்து அடித்தது.

காகிதம் வந்தது. அந்தப் பெண்ணும் இன்னொரு டாக்டரும் அதன்மேல் குனிந்து தணிந்த குரலில் பேசினார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் இரண்டு பேர் தணிந்து பேசினால் அது நல்ல பேச்சாக இருக்காது. நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"பி அலையைக் காணோம் பாருங்க. க்யூஆர்எஸ் அகலமாயிட்டே போகுது. டி அலை கூடாரமாட்ட கூம்பி நிக்குது. துடிப்பும் ரொம்ப மெதுவா இருக்குது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் "காணோம்" என்ற சொல் மட்டும் வயிற்றில் போய் விழுந்தது.

செந்தில் பொறுமை இழந்துவிட்டான். "ஹார்ட்டுன்னா நாங்க கோயமுத்தூர் போயிர்றோமுங்க. எழுதிக் குடுத்துருங்க."

"இப்ப நகத்த வேண்டாமுங்க. இந்த நெலமைல வழியிலயே இருதயம் நின்னு போயிரும். இது அட்டாக் இல்லைன்னு நான் நெனைக்கறேன்."

"அங்க அட்டாக்குன்னாங்க. இங்க இல்லைங்கறீங்க. நாங்க யாரை நம்பறதுங்க?"

"அவங்களும் பொய் சொல்லலீங்க. இந்தக் கோடு சில நேரம் அட்டாக் மாதிரியே வேஷம் கட்டும். அதனாலதான் நானும் மறுக்கா எடுத்தேன்." அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்கம்மா, இவருக்குச் சாப்பிட என்ன குடுத்தீங்க? குடிக்க என்ன குடுத்தீங்க?"

"கஞ்சிதானுங்க" என்றான் செந்தில்.

என்ன கொடுத்தீர்கள் என்று எதற்குக் கேட்கிறாள்? இவளுக்கும் தெரிந்துவிட்டது, விஷம் என்று. கோடே காட்டிக்கொடுத்துவிட்டது. "யாருன்னு காட்டு" என்று நான் கேட்டதற்கு ஆத்தா வாய் திறந்துவிட்டாள் என்றுதான் அப்போது நினைத்தேன். நான் எந்த டாக்டரிடமும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினவள் இல்லை. பேசுவதெல்லாம் அவர்தான். ஆனால் அன்றைக்கு அவர் பேசுகிற நிலையில் இல்லை. அந்தப் பெண்ணின் வெள்ளைக் கோட்டைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னேன்.

"கண்ணு, எளநில எதையோ வெச்சுக் குடுத்துப்போட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை. "எளநியா? நெறையக் குடிச்சாருங்களா?"

"தண்ணியே அவருக்கு எளநிதானுங்க. காச்ச வந்ததுல இருந்து."

"பிரஷர் மாத்திரை? கிட்னிக்குப் பாத்துட்டு இருக்கறீங்களா?"

நான் மாத்திரைப் பையை நீட்டினேன். அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், ஒன்றைத் தனியே எடுத்து வைத்தாள். நர்ஸைக் கூப்பிட்டாள். "கால்சியம் எடுங்க. இப்பவே."

"ரத்த ரிப்போர்ட் இன்னும் வரலீங்க மேடம்."

"அது வரட்டும். கோடு சொல்லிப்போடுச்சு."

கால்சியம் எனக்குத் தெரியும். முட்டி வலிக்கு எனக்கே கொடுத்திருக்கிறார்கள். எலும்பு மருந்தை இருதயத்துக்கு ஏற்றுகிறாள் இந்தப் பிள்ளை! தடுக்கலாமா என்று செந்திலைப் பார்த்தேன். அவன் போனில் கோயமுத்தூரில் யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தான். நான் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, தலைமாட்டில் இருந்த டிவி மாதிரிப் பெட்டியையே பார்த்தேன். அதில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கூம்பு எழுந்தது. கொழுத்த கூம்பு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எத்தனை நேரம்! "ஆத்தா, ஆத்தா" என்பதைத் தவிர வேறு மந்திரம் எனக்கு வரவில்லை.

நர்ஸ் மருந்தை மெதுவாகச் செலுத்தினாள். டாக்டர் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பால் பொங்கி வரும்போது ஒரு கை தண்ணீர் தெளித்தால் நுரை உட்காருமே, அப்படி அந்தக் கூம்பு உட்கார்ந்தது. ஒரேயடியாக இல்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சம். கொழுத்திருந்த கோடு ஒல்லியாயிற்று. நடுவில் இருந்த இடைவெளி குறைந்தது. மற்றதையெல்லாம் நான் பிறர் சொல்லித்தான் கேட்டேன். இதை என் கண்ணால் பார்த்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முந்தானையில் மிளகாய் இருந்தது மறந்துபோயிற்று. எரிச்சல் தாங்காமல் தண்ணீர் கொட்டிற்று.

"அழுவாதீங்க பாட்டி, சரியாயிரும்" என்றாள் நர்ஸ்.

"அழுவல கண்ணு. மொளகா."

"ஆசுபத்திரிக்கு எதுக்குங்க மொளகா?"

குனிந்து முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பிறகு இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்து ஏற்றினார்கள். என் சந்தேகம் மறுபடி எழுந்து உட்கார்ந்தது. சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரைத் தண்ணீரா? இன்சுலினையும் போட்டுச் சர்க்கரையையும் போடுவது என்ன வித்தை? வீசிங் இல்லாத மனுஷனுக்கு மூக்கில் புகை மருந்து வேறு வைத்தார்கள். அந்தப் பெண் என் முகத்தைப் படித்துவிட்டாள் போல. ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு காகிதத்தையும் என் மடியில் விரித்தாள்.

"இத பாருங்கம்மா. நல்ல இருதயம்னா மொதல்ல ஒரு சின்ன மேடு இருக்கோணும். அப்பறம் ஊசியாட்ட ஒண்ணு. அதுக்கப்பறம் சாஞ்ச மாதிரி ஒரு குன்னு. இவருக்கு வந்தப்போ அந்தச் சின்ன மேடே இல்லை. ஊசி கடப்பாரையாட்டத் தடிச்சுப்போச்சு. குன்னு கூடாரமா நிக்குது. ரத்தத்துல பொட்டாசியம்னு ஒரு உப்பு ஏறினா இப்படி ஆகும், காலும் ஓஞ்சுபோகும். அது எளநில நெறைய இருக்குது. நல்ல கிட்னி இருந்தா ஒண்ணுக்குல வெளிய தள்ளிரும். இவரு கிட்னி சோர்ந்தது. வயித்துப்போக்குல இன்னும் வறண்டுபோச்சு. ஒரு மாத்திரை வேற அந்த உப்பை வெளிய உடாது. எல்லாம் ஒண்ணு சேந்துருச்சு. கால்சியம் இருதயத்துக்குக் காவல் நிக்கும். இன்சுலின் அந்த உப்பை ரத்தத்துல இருந்து சதைக்குள்ள தள்ளும். சக்கரை கீழ எறங்காம இருக்கத்தான் குளுக்கோஸ். புகை மருந்தும் உப்பை உள்ள தள்ளத்தான். இன்னும் கொஞ்சம் குடிச்சிருந்தாருன்னா நீங்க இங்க வந்து சேந்திருக்க மாட்டீங்க."

ரத்த ரிப்போர்ட்டும் அவள் சொன்னபடியே வந்தது. டயாலிசிஸ் மிஷினில் ஒருமுறை ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். மாரடைப்பு இல்லை என்று உறுதியாயிற்று.

இவ்வளவு கேட்ட பிறகும் என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? இளநீர் என்று டாக்டரே சொல்லிவிட்டாள். அப்படியானால் சரசுதான். நான் சொன்னது சரிதான். இவருக்கு ஆகாது என்று தெரிந்தே கொண்டுவந்திருக்கிறாள். உப்பு, மாத்திரை எல்லாம் காதில் விழுந்தது. மனதில் அவள் சிரிப்பு மட்டும்தான் நின்றது. வருகிற அமாவாசைக்கே அரைத்துவிடுவது என்று முடிவு கட்டினேன். செந்திலும் சொந்தக்காரர்களுக்குப் போன் செய்து, எளநி குடித்துத்தான் இப்படி ஆயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லட்டும், ஊருக்குத் தெரியட்டும் என்று இருந்தேன்.

மறுநாள் காலை அவர் கண் திறந்தார். கால் விரலை அசைத்துக் காட்டினார். அவர் முதலில் கேட்டது இதுதான்:

"ஏன் அம்மணி, சரசு செவ்வெளநி கொண்டாந்தாளே, எங்க அது? ஒண்ணுகூடக் கண்ணுல காட்டலையே நீ."

நான் செந்தில் பக்கம் திரும்பினேன்.

"செந்திலு, நீ குடுக்கலையா அப்பாவுக்கு?" என்றேன்.

"எங்க குடுக்கறது? தேடித் தேடிப் பாத்தேன், கெடைக்கவே இல்ல. நம்ம மரத்துதான் குடுத்தேன்."

"ஒளிச்சு வெச்சிருப்பா" என்றார் அவர். "உங்கம்மா சந்தேகப்பட ஆரம்பிச்சா சாமி பிரசாதத்தையே மோந்து பாத்துட்டுத்தான் திம்பா."

அப்பாவும் மகனும் சிரித்தார்கள். எனக்கு முந்தானை முடிச்சு கல்லாய்க் கனத்தது. அவர் குடித்த ஒவ்வொரு சொட்டும் நம்பினவர்கள் கொண்டுவந்தது, என் மரத்தில் காய்த்தது, என் கையால் ஊற்றியது. சந்தேகப்பட்டு ஒளித்தது மட்டும் இன்னும் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. யார் என்று காட்டு என்று கேட்டேனே. ஆத்தா காட்டிவிட்டாள்.

அன்று மத்தியானம் சரசு வந்தாள். வெறுங்கையோடு வந்தாள். வார்டு வாசலைத் தாண்டவில்லை. முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, ஊருல எல்லாம் பேசிக்கறாங்க. நான் கொண்டாந்த எளநிதான் பண்ணிப்போடுச்சுன்னு. சத்தியமா எனக்குத் தெரியாதுங்க்கா. நல்லதுன்னுதான் கொண்டாந்தேன். பேச்சு உட்டுப் போனது போவட்டும், மனுஷன் சீக்கா கெடக்கறப்போவாவது போலாம்னு வந்தேன். இப்படி ஆகிப்போச்சே."

சும்மா இருந்திருக்கலாம். பழி அவள்மேல் இருந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வாயைத் திறந்தால் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். வார்டில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிச்சைப் பிடித்துக்கொண்டு "ஆத்தா" என்றேன். வார்த்தை வந்தது.

"சரசு, உன்ற எளநியை அவரு ஒரு வாய் குடிக்கல. மாட்டுக் கட்டுத்தறில தவிட்டு மூட்டைக்குப் பின்னால கெடக்குது. உன்ற மேல சந்தேகப்பட்டு நாந்தான் ஒளிச்சு வெச்சுப்போட்டேன். அவரு குடிச்சதெல்லாம் எங்க மரத்துதும் மத்தவங்க கொண்டாந்ததும்தான்."

அவள் என்னையே பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

"அப்போ அதையும் சேத்துக் குடுத்திருந்தீங்கன்னா?"

"டாக்டரம்மா சொன்னாங்க. இன்னும் கொஞ்சம் குடிச்சிருந்தா அவ்வளவுதானாமா."

"அப்படின்னா உங்க சந்தேகத்துக்குத்தான் மாலை போடோணுமுங்க" என்றாள். கட்டிலில் இருந்து அவர், "மாலை எனக்குப் போடாம உட்டீங்களே, அது போதும்" என்றார்.

அக்கா தங்கைகளே, என் சந்தேகம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அது பொல்லாத குணம். ஆனால் நம் ஆத்தா அந்தப் பொல்லாததையும் வீணாக்காமல் எடுத்துக்கொண்டாள். ஒரு குலையை அவர் வாய்க்குப் போகாமல் நிறுத்தினாள். யாரிடமும் பேசாத என்னை டாக்டரம்மா காதில் "எளநி" என்று சொல்ல வைத்தாள். கோட்டைப் படிக்கத் தெரிந்த கண்ணை அன்றைக்கு அந்த அறையில் நிறுத்தினாள். நான் கேட்டது பழி வாங்க. அவள் கொடுத்தது புருஷனை, கூடவே ஓர் உறவை.

ஆடி அமாவாசைக்கு நானும் சரசுவும் ஒரே பஸ்ஸில் ஆனைமலை போனோம். முந்தானையில் அதே மிளகாய். ஆட்டுக்கல் பக்கம் போகும்போது சரசு கையைப் பிடித்தாள். "யாரு பேருக்குங்க்கா அரைக்கப் போறீங்க?" என்று காதோடு கேட்டாள். குறும்புக்காரி. நான் முடிச்சை அவிழ்க்கவில்லை. அம்மன் குளிர எண்ணெய் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவள் பாதத்தில் விழுந்து, வேண்டுதலைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். மிளகாய் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அன்றைக்கு இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பில்தான் குழம்பு கொதித்தது.

கிணற்று முறை இன்னும் முழுசாகத் தீரவில்லை. பேசிக்கொண்டிருக்கிறோம். சந்தேகமும் என்னை விட்டு முழுசாகப் போகவில்லை. இப்போதும் யாராவது காரணம் இல்லாமல் சிரித்தால் மனது ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறது. ஆனால் திரும்பிப் பார்த்ததும், ஆத்தாவிடம் முதலில் கேட்டுவிடுகிறேன்.

வீட்டில் கிட்னி சோர்ந்தவர்கள், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் இளநீர் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள். சீக்காளியைப் பார்க்கப் போனால் நல்ல வார்த்தையைக் கொண்டு போங்கள். அது எந்தக் கிட்னியையும் கெடுக்காது.

மனது எரிந்து மிளகாயோடு போகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். போங்கள். தைரியமாகப் போங்கள். அவள் நியாயக்காரி, கேட்டால் காட்டுவாள். ஆனால் கல்லில் கை வைக்கும் முன்னே கொஞ்சம் பொறுத்து, "யாருன்னு நீயே சொல்லு ஆத்தா" என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். நான் நின்றிருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்தபடி, மூடின முடிச்சோடு.